அண்டெனா கம்பி முதல் டிஜிட்டல் பெட்டி வரை: சிலாங்கூர் ஆற்றோரத் தோட்டங்களில் தொலைக்காட்சி



2019-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு நாள். அம்பாங் பெச்சாவில் எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். பேரப்பிள்ளையை அழைத்துப் போக வந்தவர்.

"டீச்சர், எங்க வீட்டு டிவி செத்துப்போச்சு டீச்சர். நேத்து ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு. காலைல பாத்தா ஒண்ணும் இல்ல, ஒரே இரைச்சல். கடைக்காரரு வந்து பாத்துட்டு புது டிவி வாங்கணும்னு சொல்றாரு. அறுநூறு வெள்ளிக்கு நான் எங்க போறது?"

டிவி சாகவில்லை. அதற்கு வந்துகொண்டிருந்த ஒளிபரப்பைத்தான் நிறுத்தியிருந்தார்கள். "பாட்டி, முன்னாடியே டிவியில சொல்லியிருப்பாங்களே?" என்று கேட்டேன். "அடியில என்னமோ எழுத்து ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் அத வெளம்பரம்னு நெனச்சேன்" என்றார். எழுத்து மலாயில் ஓடியது. பாட்டிக்குத் தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும்.

அன்று முதல் ஒரு கேள்வி மனத்தில் இருக்கிறது. நம் தோட்டப்புற மக்களிடம் தொலைக்காட்சி எப்படி வந்தது? ஒவ்வொரு முறை அது மாறியபோதும் நம்மவர்களை யார் தயார்படுத்தினார்கள்? வகுப்பில் பயன்படும் என்பதால் நான் திரட்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஊரும் ஆறும்

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். அம்பாங் பெச்சா, உலு சிலாங்கூரில் கோலகுபு பாரு பட்டணத்தை ஒட்டிய ஊர். 'அம்பாங்' என்றால் அணை, 'பெச்சா' என்றால் உடைந்தது. 1883-இல் இங்கிருந்த பழைய அணை உடைந்து, வெள்ளம் கோலகுபு பட்டணத்தை அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேயரும் அதில் இறந்தார். அதற்குப் பிறகும் வெள்ளம் விடாததால் 1930-களின் தொடக்கத்தில் பட்டணத்தையே மேட்டுக்கு மாற்றினார்கள். அதுதான் 'பாரு', அதாவது புதிய கோலகுபு.

இந்த மலையடிவாரத்தைக் கடந்து வரும் சிலாங்கூர் ஆறு, இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வழியாகப் போய், கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. ஆற்றின் இரு பக்கமும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள், பிறகு செம்பனை. நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், ராஜா மூசா, துவான் மீ என்று பெயர்களைச் சொன்னாலே நம்மில் பலருக்குச் சொந்தக்காரர் முகம் ஒன்று நினைவுக்கு வரும்.

தொலைக்காட்சி அலைக்கு இந்த நிலப்பரப்பு முக்கியம். சிலாங்கூருக்கான பெரிய ஒளிபரப்புக் கோபுரம், கெந்திங் மலைக்குப் பக்கத்தில் 1,700 மீட்டருக்கும் மேல் உயரமான உலு காலி மலை உச்சியில் இருக்கிறது. கோல சிலாங்கூர்ப் பக்கம் சமவெளி. தூரம் அதிகம் என்றாலும் குறுக்கே மறைப்பு குறைவு. மலையடிவாரத்து ஊர்களிலோ குன்று ஒன்று குறுக்கே நின்றால் போதும், படம் இரட்டை இரட்டையாகத் தெரியும். ஒரே மாநிலம்தான், ஆனாலும் லயத்துக்கு லயம் படம் மாறும்.

முதல் பெட்டி

1963 டிசம்பர் 28-ஆம் நாள், கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்திலிருந்து மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. ஆரம்பத்தில் கோலாலம்பூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி எட்டவில்லை. 1969-இல் அங்காசாபூரி வளாகம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது அலைவரிசையும் வந்தது.

தோட்டத்துக்குப் படம் வந்ததும் அதைப் பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டுமே! அன்றைய தோட்டங்கள் பலவற்றில் மின்சாரம் நிர்வாகத்தின் ஜெனரேட்டரிலிருந்துதான் வந்தது. சாயங்காலம் போடுவார்கள், இரவு பத்து மணி வாக்கில் நிறுத்துவார்கள். படம் உச்சக்கட்டத்தில் இருக்கும்போது விளக்கு அணைந்த கதையைச் சொல்லாத பெரியவர் கிடையாது. அதுவும் இல்லாத இடத்தில் கார் பேட்டரி. அதைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து வருவார்கள்.

பெட்டி எல்லார் வீட்டிலும் இல்லை. கிராணி வீட்டில் ஒன்று, தோட்டத்துக் கிளப்பில் ஒன்று. தொலைக்காட்சி உரிமத்துக்கு ஆண்டுக்கு 24 ரிங்கிட் கட்ட வேண்டிய காலமும் இருந்தது. அதனால் பார்ப்பது கூட்டமாகத்தான். தமிழ்ப்படம் போடும் நாளில் பிள்ளைகள் பாயோடு போய் இடம் பிடிப்பார்கள்.

கூரைக்கு மேல் நீளமான இரும்புக் குழாய், அதன் தலையில் அண்டெனா. காற்றடித்தால் அது திரும்பிவிடும். வீட்டுக்கு ஒரு பையன் வெளியே போய்க் குழாயைத் திருப்ப வேண்டும், உள்ளே இருந்து அப்பா கத்துவார்: "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும் போதும், அப்படியே நில்லுடா!" அந்தப் பையன்தான் அந்த வீட்டின் தொழில்நுட்பர். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படம் கெடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

பகலில் கரண்ட் இல்லாத பள்ளிக்கூடம்

ஆசிரியர்களான நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1972 ஜூன் 19-ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பள்ளி நேரத்தில் பாடங்களை ஒளிபரப்பி, நல்ல ஆசிரியரின் பாடம் ஊர்ப்புறப் பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். நல்ல திட்டம்தான்.

ஆனால் ஜெனரேட்டர் சாயங்காலம் மட்டும் ஓடும் தோட்டத்தில் காலை பத்து மணிப் பாடத்தை எப்படிப் பார்ப்பது? யாருக்கு அந்தப் பாடம் அதிகம் தேவையோ அவர்களிடம் பகலில் கரண்ட் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு கழித்து இதே கதை வேறு உருவத்தில் திரும்பி வரும்.

வண்ணம், வீடியோ, தட்டு

1978 டிசம்பர் 28 முதல் தீபகற்பத்தில் வண்ண ஒளிபரப்பு. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியும் தொடர்ந்து வேலை செய்தது. வண்ண ஒளிபரப்பு அதில் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தது. வசதி வந்தபோது மாற்றிக்கொள்ளலாம், அவசரம் இல்லை. 1984 ஜூன் 1-இல் டிவி3 வந்தபோதும் அப்படித்தான். பொத்தானைத் திருகினால் இன்னோர் அலைவரிசை, அவ்வளவுதான். இடையில் வீடியோ வந்தது. பட்டணத்துக் கடையிலிருந்து கேசட் எடுத்து வந்து, ஒரே இரவில் இரண்டு மூன்று தமிழ்ப்படம் பார்த்த காலம் அது.

1996 அக்டோபரில் ஆஸ்ட்ரோ தொடங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில் ஏவப்பட்ட மீசாட்-1 துணைக்கோளிலிருந்து வரும் ஒளிபரப்பைக் கூரையில் உள்ள சின்னத் தட்டு வாங்கிக்கொள்ளும். மலை மறைப்பு என்ற தொல்லை இல்லை. பெருமழை வந்தால் மட்டும் படம் போய்விடும். முக்கியமாக, வானவில் என்று தமிழுக்கே ஓர் அலைவரிசை. அதுவரை தமிழ்ச் செய்திக்கும் தமிழ்ப்படத்துக்கும் நேரம் பார்த்துக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம்.

என் பார்வையில், தோட்ட மக்கள் கூட்டமாக டிவி பார்த்த வழக்கத்தை முடித்தது டிஜிட்டல் பெட்டி இல்லை, இந்தத் தட்டுதான். அதே காலத்தில் தோட்டங்களும் கைமாறின. பல இடங்களில் லயங்கள் காலியாகி, மக்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்கு மாடிகளுக்கும் போனார்கள். மாதக் கட்டணம் கட்ட முடிந்தவர் ஒவ்வொருவராக அண்டெனாவை விட்டு விலகினார். 2012-இல் மாதக் கட்டணம் இல்லாத என்ஜோய் வந்தபோது இன்னும் சிலர் விலகினார்கள். வானவில் அதிலும் இருந்தது. ஆனால் தட்டுக்கும் பெட்டிக்கும் முதலில் ஒரு தொகை கொடுக்க வேண்டும்.

அப்படியானால் 2019-இல் பழைய அண்டெனாவை நம்பியிருந்தவர் யார்? நான் பார்த்த வரையில் தனியாக இருக்கும் முதியவர்கள், கணவனை இழந்த பெண்கள், நிலையான வருமானம் இல்லாத வீடுகள். மாற்றத்துக்குத் தயாராவதற்குப் பணமும் படிப்பும் ஆள்பலமும் குறைவாக இருந்தவர்கள்தாம் கடைசிவரை அதில் இருந்தார்கள்.

2019: என்ன மாறியது?

வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம். அனலாக் முறையில் ஓர் அலைவரிசைக்கு வானில் ஒரு தனிப்பாதை வேண்டும். இலக்கவியல் முறையில் படத்தையும் ஒலியையும் எண்களாக்கிச் சுருக்கி அனுப்புவதால், அதே ஒரு பாதையில் பல அலைவரிசைகள் சேர்ந்து போகலாம். மிச்சமாகும் பாதையை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். 700 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைக்கற்றையைக் காலிசெய்து கைப்பேசி இணையத்துக்குக் கொடுப்பது இந்த மாற்றத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்த அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும்.

படம் கெடும் விதமும் மாறியது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் மழை பெய்வது போல இருக்கும். ஆனாலும் ஆள் தெரியும், குரல் கேட்கும். இலக்கவியலில் சிக்னல் போதும் என்றால் படம் கண்ணாடி மாதிரி. போதாது என்றால் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஒன்றுமே இருக்காது. நடுநிலை கிடையாது. 'கொஞ்சம் தெரிஞ்சா போதும்' என்று காலம் தள்ளிய வீட்டுக்கு அந்த வழி அடைபட்டது.

நம் நாடு டிவிபி-டி2 என்ற தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்தது. 2014-இல் மைடிவி நிறுவனம் இதற்கான கட்டமைப்பை அமைக்க நியமிக்கப்பட்டது. 2017 ஜூன் 6-இல் மைஃப்ரீவியூ என்ற பெயரில் சேவை தொடங்கியது. பிரிம் உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு இலவசப் பெட்டி என்ற திட்டமும் இருந்தது. கோபிந்த் சிங் டியோ தொடர்பு, பல்லூடக அமைச்சராக இருந்தபோது, 2019 ஜூலை 21-இல் லங்காவியில் முதன்முதலாக அனலாக் நிறுத்தப்பட்டது. பிறகு பகுதி பகுதியாக நிறுத்தி, அக்டோபர் முடிவதற்குள் தீபகற்பம் முழுவதும் மாறியது. 1963-இல் தொடங்கிய ஒளிபரப்பு முறை 56 ஆண்டைத் தொடாமலே முடிந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது உண்மையில் சின்ன வேலைதான்.

1. ஆஸ்ட்ரோ, என்ஜோய் தட்டு உள்ள வீட்டுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை.
2. புதிய டிவியில் டிவிபி-டி2 உள்ளேயே இருந்தால் பெட்டி வேண்டாம். அண்டெனாவைச் செருகித் தேடினால் போதும்.
3. பழைய டிவியாக இருந்தால் தனிப்பெட்டி வேண்டும். எச்டிஎம்ஐ துளை இல்லாத டிவிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் போதும்.
4. யுஎச்எஃப் அண்டெனா வேண்டும். விஎச்எஃப்-க்கான பழைய நீளக் கம்பி அண்டெனாவை மட்டும் நம்ப முடியாது.

நான்கே வரி. பாட்டிக்கு இந்த நான்கு வரியைத் தமிழில் யாரும் சொல்லவில்லை. இலவசப் பெட்டியைப் பற்றி விசாரித்துப் பார்த்தோம். அவருடைய அடையாள அட்டையில் இருந்தது இருபது வருடத்துக்கு முன்பே விட்டு வந்த தோட்டத்து முகவரி. அந்த லயமே இப்போது இல்லை. கடைசியில் நானும் இன்னொரு ஆசிரியையும் பணம் போட்டுப் பெட்டி வாங்கினோம். என் பழைய மாணவன் ஒருவன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து பொருத்திக் கொடுத்தான். அரை மணி நேரம்தான் ஆனது. படம் வந்ததும் பாட்டி, "அடேங்கப்பா, முகத்துல சுருக்கம்கூடத் தெரியுது!" என்றார். பெட்டியில் மின்னல் எஃப்.எம். வானொலியும் வரும் என்று காட்டினோம். அதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது.

வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்கா 2009 பிப்ரவரி 17 என்று நாள் குறித்திருந்தது. மக்கள் தயாராக இல்லை என்று அதை ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தது. பெட்டி வாங்க 40 டாலர் கூப்பனும் கொடுத்தார்கள். பிரிட்டன் 2007-இல் வைட்ஹேவன் என்ற சிறிய கடலோரப் பட்டணத்தில் தொடங்கி, 2012 அக்டோபரில்தான் முடித்தது. 75 வயது ஆனவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் சிறு கட்டணத்திலோ இலவசமாகவோ பெட்டி கொடுத்ததோடு, ஆள் அனுப்பிப் பொருத்தியும் கொடுத்தார்கள். நம் பக்கத்து நாடான சிங்கப்பூர் 2019-இன் தொடக்கத்தில் அனலாக்கை நிறுத்தியது. அங்கேயும் வருமானம் குறைந்த வீடுகளுக்கு உதவித் திட்டம் இருந்தது.

இவற்றில் பிரிட்டனின் அனுபவம் நமக்கு அதிகம் பொருந்தும். பெட்டி கொடுப்பது பாதி வேலை. வீட்டுக்குள் வந்து, அவர்கள் மொழியில் பேசி, ஒயரைச் செருகி, 'இந்தப் பொத்தானை அழுத்துங்கள்' என்று காட்டுவது மீதிப் பாதி. நம் ஊர்களில் அந்த மீதிப் பாதியைச் செய்தவர்கள் பேரன்கள், பக்கத்து வீட்டு அண்ணன்கள், ஆசிரியர்கள். அன்று அண்டெனாவைத் திருப்பிய பையனின் வேலையைத்தான் அவர்கள் தொடர்ந்தார்கள்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின. அதன்பின் நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். கூகுள் மீட்டில் பெயர் கூப்பிட்டால் பாதிப் பேர் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு.

அந்த ஏப்ரலில் ஆர்டிஎம்மின் டிவி ஓகே அலைவரிசையில் கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தொடங்கின. 2021 பிப்ரவரி 17-இல் டிடிக்டிவி கேபிஎம் முழுநேரக் கல்வி அலைவரிசையாக வந்தது. இணையம் இல்லாத பிள்ளைக்குத் தொலைக்காட்சி வழியாவது பாடம் போகட்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் அதைப் பார்க்கத் தட்டோ டிஜிட்டல் பெட்டியோ வீட்டில் இருக்க வேண்டும். 2019-இல் 'டிவி செத்துப்போச்சு' என்று விட்டுவிட்ட வீட்டில் அந்தப் பாடமும் போய்ச் சேராது.

1972-இல் பாடம் வந்தது, பகலில் கரண்ட் இல்லை. 2020-இல் பாடம் வந்தது, சில வீடுகளில் பெட்டி இல்லை. அந்தப் பாட்டி வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள். பெட்டி பொருத்தியிருந்ததால் அவர்களுக்குக் காலையில் ஒரு பாடமாவது கிடைத்தது. அன்று நாங்கள் பாட்டி நாடகம் பார்க்கட்டும் என்றுதான் பெட்டி வாங்கினோம். அது பள்ளிக்கூடமாக மாறும் என்று யாருக்குத் தெரியும்? எத்தனை வீடுகளைக் கேட்காமல் விட்டோமோ என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு.

இனியும் மாற்றங்கள் வரும். கைப்பேசிச் செயலிகள், இணைய வங்கி, உதவித்தொகைப் பதிவுகள் எல்லாமே நாள் குறித்து வருகின்றன. அறிவிப்பு வந்ததும் 'இது தெரியாமல் போகப்போகிறவர் நம் ஊரில் யார்?' என்று கேட்டு, அந்த வீட்டுக்கு முதலில் போவதை நாம் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

வகுப்பறைக்குச் சில நடவடிக்கைகள்

• நேர்காணல்: தாத்தா பாட்டியிடம் மாணவர்கள் ஐந்து கேள்வி கேட்டு எழுதட்டும். முதல் டிவியை எங்கே பார்த்தீர்கள்? கரண்ட் எத்தனை மணிக்கு நிற்கும்? அண்டெனாவை யார் திருப்புவார்? பேச்சுமொழியில் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, பிறகு எழுத்துமொழிக்கு மாற்றச் சொல்லுங்கள். மொழிப்பாடமும் ஆகும்.

• காலக்கோடு: 1963, 1969, 1972, 1978, 1984, 1996, 2012, 2017, 2019, 2020 ஆகிய ஆண்டுகளை ஒரு பக்கமும், தங்கள் குடும்பத்தில் அந்தந்த ஆண்டுகளில் நடந்ததை மறுபக்கமும் எழுதட்டும்.

• அறிவிப்பு எழுதுதல்: மேலே உள்ள நான்கு வரிகளை, எழுத்து அதிகம் தெரியாத ஒரு பாட்டிக்குச் சொல்வது போல எளிய தமிழில் எழுதிப் படம் வரையட்டும். படித்துக் காட்டி, பாட்டிக்குப் புரிந்ததா என்று கேட்டு வரட்டும். புரியவில்லை என்றால் மாற்றி எழுதட்டும்.

• கள ஆய்வு: ஊரில் பழைய அண்டெனாக் கம்பி இன்னும் நிற்கும் வீடு உண்டா என்று பார்த்துப் படம் எடுத்து வரட்டும். துருப்பிடித்து ஒவ்வொன்றாக விழுகின்றன. விழுவதற்குள் எடுத்துவிடுவது நல்லது.

மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் நேர்காணல்களைப் பள்ளியில் ஒரு கோப்பாகச் சேர்த்து வையுங்கள். தோட்டங்களின் பெயர் பள்ளிப் பெயர்ப்பலகையில் மட்டும் மிஞ்சியிருக்கும் காலம் இது. அந்தக் கோப்புதான் அடுத்த தலைமுறைக்கு நம் ஊர் வரலாறு.